ஆறாம் வகுப்பிலேயே சேர்த்திருக்க வேண்டிய பள்ளி

என் மகள் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்து, 2025 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதி, இப்போது ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தயங்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பள்ளியின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால், அங்கு உழைக்கும் ஆசிரியர்களுக்கு அதனால் ஒரு சங்கடமும் வரக்கூடாது.

பேருந்து நிலையத்துக்கு அருகில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் கல்லூரி விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளால் கடை நிரம்பிவிடும். எந்தப் பள்ளிப் பிள்ளை என்ன தெரிந்துகொண்டு வருகிறது, எது தெரியாமல் திகைத்து நிற்கிறது என்பதைப் பத்து ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கட்டணம் வாங்கும் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட வருமானச் சான்றிதழ் கையில் இல்லாமல், விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று தெரிந்ததும் கண்கலங்கி நின்றதைக் கண்டிருக்கிறேன். ஆகவே கல்லூரிக்குத் தயாராவது என்பதை மதிப்பெண்ணை மட்டும் வைத்து என்னால் அளக்க முடிவதில்லை.

மகள் பத்தாம் வகுப்பு வரை படித்தது ஒரு தனியார் பள்ளியில். அங்கே கட்டணம் கட்டத் தாமதமான நாள்களில் வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பெயரைச் சொல்வார்கள். நான் போனால் அலுவலகச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். 2023 ஜூனில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்குள் நுழைந்தபோது, தலைமையாசிரியை எனக்கு ஒரு நாற்காலி, என் மகளுக்கு ஒரு நாற்காலி என்று இரண்டைக் காட்டி, "உட்காருங்கம்மா" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம், "உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவள் அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரவு சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

நாற்காலியை முதலில் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பள்ளியில் நான் கண்ட மற்ற நல்லவை எல்லாம் அந்த மரியாதையிலிருந்தே கிளைத்தவை. விடைத்தாள்களை மதிப்பெண் வெளியே தெரியாதபடி மடித்துக் கொடுப்பார்கள். யார் எவ்வளவு என்று உரக்கப் படிக்கும் வழக்கம் அங்கே இல்லை. தாமதமாக வந்தால் முதலில் காரணம் கேட்பார்கள். மகளின் வகுப்பில் விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டு வரும் மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் வகுப்பாசிரியர் அவன் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்து, காலைச் சிறப்பு வகுப்பை அவனுக்கு மாலைக்கு மாற்றிக் கொடுத்தார். உடல்ரீதியான தண்டனையையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது. பல இடங்களில் பிரம்பைப் போட்டுவிட்டுக் குத்தல் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பள்ளியில் நான் பார்த்தவரை இரண்டும் இல்லை. பிள்ளைகளும் ஆசிரியர்களைப் பற்றி வீட்டில் பேசும்போது "சார் வந்தாங்க, மிஸ் சொன்னாங்க" என்றுதான் பேசினார்கள். முந்தைய பள்ளியில் படித்தபோது என் மகளே தன் ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பேசியிருக்கிறாள்.

மகள் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் அந்தக் கொடுமை நடந்தது. பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தென்மாவட்டங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் யாரும் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. எங்கள் பள்ளியிலும் தங்கள் சாதியைக் காட்டிக்கொள்ள மணிக்கட்டில் நிறம் நிறமாகக் கயிறு கட்டிய பையன்கள் இருந்தார்கள். தலைமையாசிரியை நினைத்திருந்தால் காலை வழிபாட்டில் கத்தரிக்கோலை எடுத்துவந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, பெற்றோர்களைத் தெருவாரியாக அழைத்து, மூன்று வாரம் பேசினார். எந்தத் தெருவையும் குற்றவாளியாக்கிப் பேசாமல், "உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமா, வழக்குக்கு அலைய வேண்டுமா?" என்று நேராகக் கேட்டார். அதன்பின் வகுப்புகளில் மாதந்தோறும் இருக்கை மாற்றும் முறை வந்தது. பெரும்பாலான கயிறுகள் அவிழ்ந்தன. சில, சட்டைக் கைக்குள் மறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நிகழ்வையொட்டி அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்றாக இருந்தது. விதி தேவைதான். ஆனால் விதி வருவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிய பள்ளியில் அந்த விதிக்கு வேலை குறைவாக இருந்தது.

அடுத்து, கல்லூரிக்கான ஆயத்தம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறது. கையேடு தருகிறார்கள், கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது என்றாலும், அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அந்தந்தப் பள்ளியில் பொறுப்பேற்கும் ஆசிரியர்தான். எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு ஒரு வேதியியல் ஆசிரியரிடம் இருந்தது. பிளஸ் டூ தொடங்கிய ஜூன் மாதமே பெற்றோர் கூட்டம் போட்டார். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எங்கே விண்ணப்பிப்பது, கிராம நிர்வாக அலுவலரிடம் எதைக் காட்டுவது, ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினாலும் என்ன தொல்லை வரும் என்பதை ஒன்றரை மணி நேரம் விளக்கினார். பத்து ஆண்டுகளாக விண்ணப்பம் நிரப்பும் நானே அன்று இரண்டு விஷயங்களைப் புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கையும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 70 எடுத்தால் 90, 40, 35 சேர்ந்து 165 வரும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கணக்கைத் தானே போட்டு, முந்தைய ஆண்டுக் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபுக்குக் கிடைத்தது என்ற பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் மகளின் படிப்பில் வேகம் பிடித்தது அந்த வாரத்தில்தான். அதுவரை "நல்லாப் படி" என்று நான் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. இன்னும் ஆறு மதிப்பெண் கூடினால் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரி கிடைக்கலாம் என்று அவளே காகிதத்தில் கண்டுபிடித்த பிறகு, இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லி நான் சண்டை போட வேண்டியிருந்தது.

பள்ளிச் சுவரில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்களின் புகைப்படப் பதாகை கிடையாது. நுழைவாயிலின் உட்புறத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. முந்தைய ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்கள் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பொறியியல், கலை அறிவியல், செவிலியர் படிப்பு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசி வரியில் "இன்னும் சேராதவர்கள்" என்று ஓர் எண். 2024 ஜூலையில் அது ஏழாக இருந்தது. பிளஸ் டூ முடித்தும் மேலே படிக்காதவர்களுக்காக மாவட்ட நிர்வாகம் நடத்தும் உயர்வுக்குப் படி முகாமுக்கு ஆசிரியர்கள் அவர்களைத் தேடிப்பிடித்து அழைத்துச் சென்றார்கள். ஒரு பெண்ணின் வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். செப்டம்பரில் அந்த எண் இரண்டாகியிருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பது எனக்கே பழக்கமாகிவிட்டது. வெளியேறிவிட்ட பிள்ளையையும் தன் கணக்கில் வைத்திருக்கும் பள்ளியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. பிளஸ் ஒன்னில் இயற்பியல் பணியிடம் நான்கு மாதம் காலியாக இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தும் வரை பிள்ளைகள் தாங்களாகவே படித்தார்கள். அந்த ஓட்டையை என் மகளால் கடைசி வரை முழுதாக அடைக்க முடியவில்லை. அவளுடைய மதிப்பெண்களில் இயற்பியல்தான் குறைவு. பெண்களுக்கான கழிப்பறை போதாது, தண்ணீரும் சில நாள் வராது. வழிகாட்டலும் அறிவியல் பிரிவுப் பக்கமே சாய்ந்திருந்தது. வணிகவியல் படித்த பிள்ளைகளுக்கு பி.காம். தவிர என்ன இருக்கிறது, சட்டப் படிப்புக்கு எப்படிப் போவது, பட்டயக் கணக்காளர் தேர்வு என்றால் என்ன என்பவற்றை அவ்வளவு விரிவாக யாரும் சொல்லவில்லை என்று மகளின் தோழிகள் என் கடையில் நின்று ஆதங்கப்பட்டார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது. ஆங்கிலம் இன்னொரு பெரிய இடைவெளி. இப்போது கல்லூரியில் விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் நடப்பதால், முதல் இரண்டு மாதம் என் மகள் வகுப்பில் கையைத் தூக்கவே அஞ்சினாள். பிளஸ் டூவில் வாரம் ஒரு பாடவேளையாவது ஆங்கிலத்தில் கேட்டுக் குறிப்பெடுக்கப் பழக்கியிருந்தால் அந்த அச்சம் பாதியாவது குறைந்திருக்கும். இதைத் தலைமையாசிரியையிடம் நேரில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது, எனக்குக் காலம் கடந்து தெரிந்த ஒன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை விதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. பிந்தைய இரண்டு திட்டங்களிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிய என் மகளுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை மட்டுமே கைகொடுத்தது. பத்தாம் வகுப்பு வரை கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்தை நினைத்தால் வருத்தம் வரத்தான் செய்கிறது. அதைவிட, அந்த ஆண்டுகளில் அவள் தலைகுனிந்து வகுப்பில் நின்ற காலைகளை நினைத்துத்தான் அதிகம் வருந்துகிறேன்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நிற்காமல், போன ஆண்டு முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் உடனே வருகிறதா, யோசித்து வருகிறதா என்று பாருங்கள். எல்லா அரசுப் பள்ளியும் இப்படி இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளை வைத்துச் சொன்னால், பக்கத்து ஊரிலேயே நிலைமை வேறு.

ஐந்தாம் வகுப்பு முடித்த மகனை 2025 ஜூனில் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். அதே அறை, அதே இரண்டு நாற்காலிகள். என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, அக்காவைப்போல மௌனமாக இராமல், பேருந்து ஓட்டப் பிடிக்கும் என்றான். தலைமையாசிரியை சிரிக்காமல், எந்த வழித்தடம் என்று கேட்டுச் சேர்க்கைப் படிவத்தை எடுத்தார். அவன் பெயரில் ஆதாருக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இடையே ஓர் எழுத்து வேறுபாடு இருந்ததை அங்கேயே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த வாரமே திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன்.