லோயர் பண்ண காருக்கு அகல டயர் போடப் போறீங்களா? மாட்டறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கத்தப் பாருங்க

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வண்டி உயரத்த எறக்கற லோயரிங் ஸ்பிரிங் போட்ட கார் வச்சிருக்கறவங்க இத தயவுசெஞ்சு முழுசா படிச்சிருங்க. மழைக்காலத்துல கிரிப் நல்லா இருக்கணும்னு காசு சேத்து அகல டயர் போட்டேன், கடைக்காரர் எனக்கு குடுத்தது வருஷக்கணக்கா குடோன்ல கெடந்த டயர், அதுவும் நான் சொன்ன சைஸ் இல்ல, அத வச்சு குன்னூர் மலைப்பாதைல குடும்பத்தோட போயிட்டு வந்திருக்கோம்னு நெனச்சா இன்னும் கோவம் தீரல. நுகர்வோர் ஆணையத்துல புகார் போயிட்டு இருக்கறதால கடை பேர் இங்க போடல, ஆனா என்ன பண்ணாங்கங்கறத ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இதே வேலைய எந்தக் கடைலயும் பண்ண முடியும்.

கார் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். ஃபோக்ஸ்வேகன் 2022ல இந்தியாவுல போலோவ நிறுத்திட்டாங்க, அதனால இருக்கறத பொக்கிஷமா பாத்துக்கறவங்க நெறைய பேர், நானும் அப்படித்தான். கம்பெனி டயர் 185/60 ஆர்15. நான் 35 மில்லிமீட்டர் எறக்கற ஸ்பிரிங்கும் 16 இன்ச் 6.5ஜே (அதாவது 6.5 இன்ச் அகல) அலாய் ரிம்மும் போட்டு 195/50 ஆர்16ல ஓட்டிட்டு இருந்தேன், எங்கயும் உரசல, ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சாலும் சத்தமே வராது. அந்த டயர் பட்டன் (ரோட்டுல படியற ரப்பர் கட்டைங்க) தேஞ்சு தேய்மான இன்டிகேட்டர் கிட்ட வந்துருச்சு, 2024 ஜூன்ல மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாத்திரலாம்னு முடிவு பண்ணோம். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி, குன்னூர், இந்தப் பக்கம் ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைனு அடிக்கடி போறவங்க நாங்க, அதனால இந்தத் தடவ கொஞ்சம் அகலமா, கொஞ்சம் ஒட்டற ரப்பரா வேணும்.

சைஸ் முடிவு பண்றதுக்கு நான் நல்லாவே கணக்குப் போட்டேன், இந்தக் கணக்கு தெரிஞ்சாத்தான் அவங்க பண்ணது எவ்ளோ பெரிய ஏமாத்துனு புரியும். 205/50னா 205 மில்லிமீட்டர் அகலம், அதுல 50 சதவீதம் சைட்வால், அதாவது டயரோட பக்கச்சுவர் உயரம், அதாவது 102.5. மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டு சைட்வாலும் 16 இன்ச் ரிம்மும் சேத்தா மொத்த விட்டம் 611 மில்லிமீட்டர். கம்பெனி டயர் 603. ஒரு சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டரும் பெருசா ஏமாத்தாது, மட்கார்டுலயும் இடம் இருக்கும். 205/50 டயர 5.5ல இருந்து 7.5ஜே வரைக்கும் ரிம்ல மாட்டலாம், என் ரிம் அதுக்குள்ள கரெக்டா உக்காருது. 215/45 போடுங்க இன்னும் அகலம்னு பல பேர் சொல்வாங்க, ஆனா அதுக்கு 7ஜே ரிம்மாவது வேணும், 6.5ல திணிச்சா சைட்வால் உப்பி நிக்கும், பட்டன் நடுவுல மேடாகும், அகலம் கூடியும் ரோட்டுல படியற அளவு நெனச்ச மாதிரி கூடாது, வளைவுல வண்டி தளதளன்னு ஆடும். அதனால 205/50 ஆர்16, இந்த வருஷ தயாரிப்பு, ட்ரெட்வேர் (ரப்பர் எவ்ளோ நாள் தேயாம வரும்ங்கற எண்) 300க்கு கீழ, இந்த மூணையும் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல எழுதியே அனுப்பினேன். அவரும் "ஓகே தம்பி, ஃப்ரெஷ் ஸ்டாக், நாளைக்கு வந்துரும்"னு பதில் போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டாரு. டயர் ஒண்ணு 9,500, நாலுக்கும் 38,000 ரூபா.

காலைல வண்டிய விடச் சொன்னாங்க, சாயங்காலம் போனா வண்டி பளபளன்னு கழுவி, டயருக்கு பாலிஷ் அடிச்சு கருகருன்னு நிக்குது. நான் முதல்ல குனிஞ்சு சைஸ்தான் பாத்தேன். 205/55 ஆர்16. என்னங்ணா இது, 50 தான சொன்னேன்னு கேட்டா, "205 தான தம்பி கேட்டீங்க, 205 தான் போட்டிருக்கு, 55ன்னா இன்னும் கொஞ்சம் குஷன், லோ பண்ண வண்டிக்கு இதுதான் நல்லது"ங்கறாரு. லோ பண்ண வண்டிக்கு இது நல்லதே கெடையாதுங்க. 55ன்னா விட்டம் 632 மில்லிமீட்டர். நான் கேட்ட சைஸவிட டயரோட மேல்பக்கம் மட்கார்டுக்கு 10 மில்லிமீட்டர் பக்கத்துல போயிருது, ஏற்கனவே ஸ்பிரிங்ல 35 எறக்கி வச்சிருக்கற வண்டில அந்த 10 தான் மிச்சமிருந்த இடமே. கம்பெனி சைஸோட பாத்தா கிட்டத்தட்ட 5 சதவீதம் பெருசு, மீட்டர் 100 காட்டறப்போ நெஜத்துல 105 போயிட்டிருக்கும். 205/55 ஆர்16ங்கறது ஆக்டேவியா, ஜெட்டா மாதிரி பெரிய வண்டிங்களுக்கு வர்ற சைஸ், எந்தக் கடைலயும் ஸ்டாக் கெடக்கும். 205/50 கெடைக்கறது கஷ்டம், ஆர்டர் போட்டு வரவைக்கணும். விஷயம் அவ்ளோதான், வரவைக்கவே இல்ல.

மாத்திக் குடுங்கன்னு அங்கயே நின்னு கேட்டேன். பழைய டயர் எங்கன்னு கேட்டா அது அப்பவே ஸ்கிராப்புக்குப் போயிருச்சாம், என்னக் கேக்காம. அட்வான்ஸ் திருப்பித் தர முடியாது, வேற டயர் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டாண்ட்ல நிறுத்திக்கோங்கன்னு பேசினாரு. கடைசில "ஓட்டிப் பாருங்க, உரசுனா நானே மாத்தித் தர்றேன்"னு சொன்னாரு, அத மெசேஜ்ல போடுங்கன்னு சொல்லி வாங்கிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். பில் கேட்டா சிஸ்டம் வேலை செய்யல, அப்புறம் அனுப்பறேன்னு ஒரு எஸ்டிமேட் சீட்டு. விடாம கேட்டதுக்கப்புறம் வந்த பில்லுல "16 இன்ச் டயர் - 4"ன்னு மட்டும் இருக்கு, பிராண்டு இல்ல, சைஸ் இல்ல, சீரியல் நம்பர் இல்ல. அப்போ டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் (2025 செப்டம்பர்ல இருந்து 18), அத முழுசா நம்மகிட்ட வாங்கிட்டு என்ன பொருள் வித்தாங்கன்னு பில்லுல எழுத மாட்டாங்களாம்.

உரசல் முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே ஆரம்பிச்சிருச்சு. முன்னாடி ஸ்டீயரிங் ஒடிச்சா லைனர்ல கரகரன்னு, பின் சீட்டுல ஆள் உக்காந்தா பள்ளத்துல எறங்கறப்பெல்லாம் மட்கார்டு விளிம்புல டயர் போய் இடிக்குது. சத்தம்கூட பரவால்லங்க, ஒவ்வொரு தடவயும் அந்த விளிம்புத் தகடு சைட்வால சீவிட்டே இருக்கு, அது ஒருநாள் வெடிச்சா வண்டி எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. மெசேஜ காட்டிக் கேட்டதும் "வண்டிய விடுங்க, சரி பண்ணித் தர்றேன்"னாரு. டயர மாத்துவாருன்னு விட்டா, கிரைண்டர் எடுத்து பின் மட்கார்டோட உள் விளிம்ப ரெண்டு பக்கமும் அறுத்து வச்சிருக்காங்க, முன்னாடி பிளாஸ்டிக் லைனர ஹீட் பண்ணி வளைச்சு, ஒரு எடத்துல ஓட்டையே போட்டிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்த விளிம்ப வேணும்னா ஹீட்கன் வச்சு பெயின்ட் உரியாம உள்ள மடிக்கறதுக்குன்னே ரோலர் இருக்கு. அறுத்தா வெறும் தகடு தெரியும், அடுத்த மழைல துரு ஆரம்பிக்கும். இத்தன வருஷம் பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கிட்ட வண்டிங்க.

நடுவுல குன்னூர் போனப்போ நல்ல மழை. எறக்கத்துல, ரொம்ப மெதுவாதான் வந்தேன், ஒரு வளைவுல லேசா பிரேக் தொட்டதுக்கே முன்பக்கம் நேரா வழுக்கிட்டுப் போச்சு. பழைய தேஞ்ச 195 டயர்லகூட இப்படி ஆனதில்ல. பின்னாடி அம்மா, வீட்டுக்காரி, பாப்பா. அங்கயே ஓரமா நிறுத்திட்டேன். புது டயர், பட்டன் முழுசா இருக்கு, ஏன் வழுக்குதுன்னு புரியல. ஊருக்கு வந்ததும் அலைன்மென்ட் பண்ற வேற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன், முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கறவரு. லிஃப்ட்ல ஏத்தி, டார்ச் அடிச்சு டயரோட உள்பக்கத்தப் பாத்துட்டு "இங்க வந்து நீங்களே பாருங்க கண்ணு"ன்னு கூப்பிட்டாரு. டாட் (DOT)னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண், ரெண்டு டயர்ல 4518, ரெண்டுல 1219. அதாவது 2018ல 45வது வாரம், 2019ல 12வது வாரம். இந்த வருஷ தயாரிப்புன்னு எழுதிக் குடுத்து வித்தது அஞ்சு வருஷம் தாண்டின ரப்பர். பாலிஷத் தொடச்சுட்டு பாத்தா பட்டன் இடுக்குல முடி மாதிரி வெடிப்பு. கூடவே ட்ரெட்வேர் 440ன்னு போட்டிருக்கு, நான் கேட்டது 300க்கு கீழ. அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனா பொதுவா கம்மியா இருந்தா ஒட்டும், அதிகமா இருந்தா நெறைய கிலோமீட்டர் வரும், 440ங்கறது மைலேஜுக்குப் பண்ண டயர்.

தேதி எண் பல டயர்ல ஒரு பக்கம் மட்டும்தாங்க முழுசா இருக்கும். அத உள்பக்கமா வச்சு மாட்டிட்டா, வண்டிய தூக்காம நம்மளால பாக்கவே முடியாது. என் நாலு டயர்லயும் அப்படித்தான் இருந்துச்சு. ரப்பர் சும்மா கெடந்தாலும் காத்துலயும் சூட்டுலயும் உள்ள இருக்கற எண்ணெய்ப்பசை போயி கெட்டியாகிட்டே வரும், பட்டன் ஆழம் புதுசு மாதிரியே இருக்கும், ஆனா ஈர ரோட்டுல பிடிக்காது. நம்ம ஊரு குடோன்னா தகரக் கூரை, ஏப்ரல் மே வெயில், கேக்கவே வேண்டாம். என் டயர் வெளிநாட்டு சரக்கு. 2020 ஜூன்ல கார் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு, அதுக்கு முன்னாடி வந்த சரக்கு வித்துத் தீராம தங்கிருச்சுன்னா, அகல டயர் ஆசப்பட்டு வர்ற நம்மள மாதிரி ஆளுங்க தலைலதான் கட்டப் பாப்பாங்க.

திரும்பக் கடைக்குப் போனா "ஓடாத டயர் புதுசுதான் தம்பி, மேனுஃபாக்சரிங் டேட் எல்லாம் சும்மா, நீங்க ஓட்டின டயர நான் எப்படி திரும்ப எடுக்க முடியும்"ங்கறாரு. மெசேஜ காட்டினா அது வேல பாக்கற பையன் போட்டதாம். ரெண்டு டயர் மட்டும் பாதி வெலைக்கு எடுத்துக்கறேன்னு பேரம் வேற. நான் ஒத்துக்கல. 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணேன், அவங்க பேசியும் கடை அசையல, அதனால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்லயே புகார் போட்டேன். குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கெடையாது, வக்கீல் கட்டாயமில்ல, 2019 சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். எனக்குக் கை குடுக்கறது அந்த வாட்ஸ்அப் மெசேஜ்கள், எஸ்டிமேட் சீட்டு, தேதி எண் தெரியற மாதிரி லிஃப்ட்ல வச்சு எடுத்த ஃபோட்டோ, அறுத்த மட்கார்டு ஃபோட்டோ. பெரியவர் ஒரு லெட்டரும் எழுதிக் குடுத்திருக்காரு.

நீங்க டயர் மாத்தப் போறப்போ, டயர் ரிம்ல ஏறறதுக்கு முன்னாடி தரைல வச்சு நாலையும் ரெண்டு பக்கமும் பாருங்க, நாலு எண்ணையும் ஃபோட்டோ எடுங்க, ஒரு டயர்ல பாத்துட்டு மத்தது அதே மாதிரிதான் இருக்கும்னு விடாதீங்க. பில்லுல பிராண்டு, முழு சைஸ், சீரியல் எல்லாம் எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அந்தக் கடை வேண்டாம். லோட் எண்ணும் பாத்துக்கோங்க, போலோ கம்பெனி டயர் 84, அதாவது ஒரு டயர் 500 கிலோ தாங்கும், அதுக்குக் கீழ போகக் கூடாது. பழைய டயர வண்டிலயே ஏத்தச் சொல்லுங்க, அது நம்ம கைல இருந்தா அவங்க பேச்சே மாறும். லோயர் பண்ண வண்டின்னா மாட்டினவுடனே பின்சீட்டுல மூணு பேர உக்கார வச்சு, ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, கடை வாசல்லயே ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏத்தி எறக்கிப் பாருங்க, அதுக்கப்புறம் காசு குடுங்க.

இப்ப வண்டில வேற கடைல வாங்கின 205/50 ஆர்16 இருக்கு, நாலுலயும் தேதி நான் நேர்ல பாத்து மாட்டினது. உரசல் சுத்தமா இல்ல. மட்கார்டு விளிம்புக்கு பிரைமர் அடிச்சு பெயின்ட் பண்ண செலவ புகார்லயே சேத்திருக்கேன். அந்தக் கடைக்காரர் மாட்டின நாலு 205/55 டயரும் சாட்சியா வீட்டு மாடில கெடக்கு, ஆணையம் சொல்ற வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். தீர்ப்பு வந்ததும் இங்கயே எழுதறேன். இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா புகார் எப்படி எழுதறதுன்னு கேளுங்க, நான் எழுதினத அப்படியே அனுப்பறேன்.