ரீகண்டிஷன் கிரவுன்-பினியன் செட் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: என் 18,000 போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய உதிரிபாகம் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் ஒரு ஆப்பில், காரின் ரியர் ஆக்சிலுக்கு (பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) ரீகண்டிஷன், அதாவது பழையதைச் செப்பனிட்ட, கிரவுன்-பினியன் செட் வாங்கி 18,000 ரூபாய் இழந்திருக்கிறேன். கிரவுன் பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுற்றிவிடும் சின்னது. ஆப்பின் பெயரைப் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவே நிற்காது. குறைந்த செலவில் ஆக்சிலை எப்படிச் சரிசெய்வது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

வண்டி வேகமெடுத்தால் பின்பக்கம் உய்ங் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை விட்டால் அடங்கிவிடும், மிதித்தால் திரும்பவும் வரும். திறந்து பார்த்தபோது கிரவுன் வீல் பற்களில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது, பினியன் பேரிங்கும் ஆடியது. புது செட்டுக்குக் கையில் காசு இல்லை. அதனால்தான் ரீகண்டிஷன் பக்கம் போனேன்.

அந்த விற்பனையாளருக்கு நல்ல மதிப்பெண் இருந்தது, பாராட்டும் நிறைய. அதைவிட, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். கிரவுனும் பினியனும் ஒரே ஜோடிதானே என்று நானே கேட்டேன். தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு உரசித்தான் ஜோடி போடுவார்கள். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒன்றை மாற்றினால் சத்தம் போகாது, பல்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அவன் உடனே ஒரு வீடியோ அனுப்பினான். பச்சைத் துணி விரித்த மேசை, பற்கள் எங்கே உரசுகின்றன என்று காட்டும் மஞ்சள் பேஸ்ட், பினியனைக் கையால் மெதுவாகச் சுற்றுகிறான். பல்லின் நடுவில் அழகாக நீள்வட்டத் தடம் விழுகிறது. "பாருங்க சார், தடம் நடுவுல உட்காருது. என் சொந்த வண்டிக்கு எடுத்து வச்ச செட்டு இது" என்றான். பேஸ்ட் தடவித் தடம் காட்டுகிறவன் வேலை தெரிந்தவன். அந்த நிமிஷமே 18,000 கட்டிவிட்டேன்.

பார்சல் வந்தது. கிரீஸ் தாராளமாகப் பூசியிருந்தது. துடைக்கத் துடைக்கத்தான் தெரிந்தது, அந்த கிரீஸ் எதற்கு என்று. பேரிங் ரேஸில், அதாவது ரோலர் ஓடும் வளையத்தில், ரோலர் உட்கார்ந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு. பினியன் பேரிங்கின் இறுக்கத்துக்காக நசுக்கிப் போடும் குழாயான கிரஷ் ஸ்லீவ் ஏற்கெனவே நசுங்கியது. அது ஒரு தடவைதான் நசுங்கும், அப்புறம் குப்பைக்குத்தான். சரி, அதையெல்லாம் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பினியனின் தலைப்பக்கத்தைப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓடிய புதுக் கீறல், பளபளவென்று. அவசரத்தில் முழுசாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கடைசியில் 74 தெரிந்தது. கிரவுன் வீலில் இருந்த எண்ணோ 31-இல் முடிகிறது. "இதை மாட்டச் சொல்லாதீங்க, என் பேர் கெட்டுப்போகும்" என்று மெக்கானிக் கையைக் கழுவப் போய்விட்டார்.

போட்டோவோடு கேட்டேன். முதலில், "மாட்டி ஓட்டிப் பாருங்க சார், பழகினா சத்தம் அடங்கிடும்." கியர் என்ன செருப்பா, பழகுவதற்கு? மாட்டினால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "மாட்டினதை எப்படி சார் எடுக்கிறது?" அப்புறம், "உங்க மெக்கானிக் மாத்தி வச்சிருப்பான்." அதோடு போனை எடுப்பதில்லை.

ஆப்பின் புகார்ப் பிரிவு இன்னும் மோசம். இயந்திரம்தான் பதில் சொல்கிறது. "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்." அப்புறம் ஒரு மனிதர் வந்தார். படத்தில் காட்டிய பொருளும் வந்த பொருளும் ஒரே மாதிரி இருப்பதால் புகார் ஏற்கப்படவில்லை என்றார். ஒரே மாதிரிதான் இருக்கும் ஐயா, கிரவுன் வீல் கிரவுன் வீல் மாதிரிதானே இருக்கும்! ஜோடி எண் என்றால் என்னவென்று விளக்கி எழுதினேன். புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. 18,000-க்கு ஒரு வரி.

வண்டி இப்போது ஸ்டாண்டில் நிற்கிறது, பின் சக்கரம் இல்லாமல். பிரித்துப்போட்ட கூலி தனி. அதைக்கூட விடுங்கள், இந்த 18,000-த்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் ஓடுகிற நிலையில் ஒரு முழு ஆக்சிலே கிடைத்திருக்கும்.

யோசனை சொல்கிறேன் என்றேன். பல் நன்றாக இருந்தால் கியரைத் தொடவே தொடாதீர்கள். பேரிங், ஆயில் சீல், கிரஷ் ஸ்லீவ், பினியன் நட் மட்டும் புதிதாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கியர் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இரண்டு ஜோடி எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பல்லை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்: கிரவுனின் 41 பல்லுக்குப் பினியனில் 10 என்றால் வேறு, 11 என்றால் வேறு. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஆக்சிலுக்கு ஊற்றும் கியர் ஆயில் ஜிஎல்-5 தரம்தானா என்று டப்பாவில் பாருங்கள். பிரீலோட் (பேரிங் இறுக்கம்), பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி), ஷிம் (அளவு சரிசெய்யும் மெல்லிய தகடு) பற்றியெல்லாம் எழுத நினைத்திருந்தேன், இப்போது முடியாது.

ஏனென்றால் இப்போதுதான் பார்த்தேன், வேறொரு பெயரில் அதே வீடியோவைப் போட்டிருக்கிறான். பச்சைத் துணி, மஞ்சள் பேஸ்ட், விலையும் அதே 18,000. கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், கீழே புகார் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள்.