முதியோர் மருத்துவம்: எம்.டி.யா, இக்னோ பட்டயமா?

முதியோரை அதிகம் பார்க்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் பலர், எம்.டி. எனும் முதுநிலைப் பட்டத்துக்கும் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வழங்கும் பட்டயத்துக்கும் இடையே தயங்குகிறார்கள்.

நுழைவு: எம்.டி.க்கு நீட் முதுநிலைத் தேர்வில் போட்டியிட வேண்டும், பட்டயத்துக்கு எம்.பி.பி.எஸ். தகுதியே அடிப்படை.

காலம்: எம்.டி. 3 ஆண்டுகள், பட்டயம் குறைந்தது ஓராண்டு.

வருமானம்: எம்.டி. என்றால் கிளினிக்கை மூடிவிட்டு உதவித்தொகையில் காலம் தள்ள வேண்டும். பட்டயத்தைப் பணியிலிருந்தபடியே தொலைநிலையில் படிக்கலாம்.

பயிற்சி: உண்மையான வேறுபாடு இங்கேதான். 1996-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்த எம்.டி.யைத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், தடுமாறி விழுதல், மறதிநோய், ஒருவரே பத்து மாத்திரை விழுங்குவதால் எழும் சிக்கல்கள் ஆகியவற்றை மாணவர்கள் வார்டிலேயே நாள்தோறும் எதிர்கொள்கிறார்கள். பட்டயத்தின் குறுகிய நேர்முகப் பயிற்சி அதற்கு ஈடாகாது.

நிபுணர் பதவியோ ஆசிரியப் பணியோ வேண்டுவோர் எம்.டி.யையே நாடட்டும்; ஊரில் நிலைபெற்றுவிட்ட பொது மருத்துவருக்கு, என் கணிப்பில், பட்டயமே பொருந்தும்.