வேலைக்காக வெளிநாடு செல்வோருக்கான பாதுகாப்பு உதவிச் சேவை: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

வேலை நிமித்தமாக வெளிநாடு செல்லும் ஊழியர்களுக்கென்று எங்கள் நிறுவனம் ஒரு பாதுகாப்பு உதவிச் சேவையை ஒப்பந்தத்தில் அமர்த்தி இரண்டு ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. இதற்குள் 6 பயணங்களில் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றில் 2 பயணங்களில் அதன் உதவி உண்மையாகவே தேவைப்பட்டது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் சேவையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய சேவைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இயங்குகின்றன: புறப்படுவதற்கு முன் ஓர் ஆலோசகருடன் உரையாடல், கைபேசியில் ஒரு செயலி, எந்நேரமும் அழைக்கக்கூடிய உதவி எண், நோயோ விபத்தோ நேர்ந்தால் மருத்துவமனையோடு பேசி ஏற்பாடு செய்யும் குழு. ஆகவே வேறொரு சேவையைப் பெற்றிருப்பவர்களுக்கும், எதை நம்பலாம், எதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இந்த அனுபவம் ஓரளவு காட்டும் என்று நம்புகிறேன்.

இவற்றுள் மிகச் சிறந்தது புறப்படுவதற்கு முந்தைய உரையாடல்தான். ஆனால் என்னுடன் பணியாற்றுபவர்களில் பலர் அதைத் தட்டிக்கழித்துவிடுகிறார்கள். மின்னஞ்சலில் வரும் குறிப்பைத் திறந்து, படித்துவிட்டதாகக் குறியிட்டாலே பயணத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிடுவது அதற்கு முக்கியக் காரணம். நான் முதல் பயணத்திலேயே நேரம் கேட்டு வாங்கிப் பேசினேன். போகும் நாட்டின் அரசியல் நிலவரத்தை இரண்டே நிமிடங்களில் சொல்லி முடித்த ஆலோசகர், மீதி நேரம் முழுவதும் என்னைத்தான் கேள்வி கேட்டார். விமானம் எத்தனை மணிக்குத் தரையிறங்குகிறது, அந்நேரத்தில் அழைத்துப்போக யார் வருகிறார், அவர் கையில் பிடித்திருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும் என்றேன். அந்தப் பலகையைப் பார்க்கும் எவரும் அதே பெயர்களை வேறொரு தாளில் எழுதிக்கொண்டு நாலடி முன்னால் வந்து நின்றுவிடலாமே என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை மட்டும் எழுதச் சொல்லலாம் என்றார். ஓட்டுநரிடம் நம் பெயரைச் சொல்லி ‘அவரை அழைத்துப்போக வந்தவரா?’ என்று கேட்காமல், ‘யாரை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, பெயரை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு எந்த விமான நிலையத்திலும் நான் இதைத் தவறவிட்டதில்லை.

அடுத்து அவர் என் கடவுச்சீட்டு எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டார். பல நாடுகள், உள்ளே நுழையும் நாளிலிருந்து இன்னும் 6 மாதங்களாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. விசா கையில் இருந்தும், இந்த ஒரு காரணத்தால் விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. மருந்துகளைப் பற்றியும் துருவிக் கேட்டார். ஒரு நாட்டில் சாதாரணச் சளி மாத்திரையாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎஃபெட்ரின் என்ற பொருள் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்லக் கூடாது என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. என் கைப்பையில் அப்படி ஓர் அட்டை மாத்திரை இருந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டுக்கொண்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும் என்பதால், ஒரு வார அவகாசத்தில் முடிவாகும் பயணங்களில் அதைத் தள்ளிப்போட முடியாது. 2016 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால், அதைக் கேட்கும் நாடுகளுக்குப் போக வேண்டிய வேலையில் இருப்பவர்கள் ஓய்வான ஒரு மாதத்தில் போட்டுக்கொள்வதே நல்லது.

குற்றங்களை விடச் சாலையைப் பற்றித்தான் அவர் அதிகம் கவலைப்பட்டார். உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். இரவு முழுவதும் விமானத்தில் விழித்திருந்துவிட்டு, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, பழக்கமில்லாத பக்கமாகப் போக்குவரத்து ஓடும் சாலையில் இறங்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பின் இருக்கையில் பெல்ட் இல்லாத வண்டி வந்தால் வேறு வண்டி கேட்டுப் பெறும் உரிமை எங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார்.

செயலியைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சொல்ல முடியவில்லை. ‘நலமாக இருக்கிறேன்’ என்று தெரிவிக்கும் பொத்தான் பயனுள்ளது. வீட்டாருக்கும் அதே செய்தி போகும்படி அமைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கைகள்தான் சிக்கல். 200 கிலோமீட்டர் தொலைவில் நடக்கும் ஊர்வலத்துக்கும், தங்கியிருக்கும் தெருவில் அடைக்கப்பட்ட சாலைக்கும் ஒரே சிவப்பு நிறத்தில், ஒரே ஓசையுடன் அறிவிப்பு வருகிறது. மூன்றாம் நாளில் எவரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பார்க்கத் தவறும் அந்த ஓர் அறிவிப்பே முக்கியமானதாக இருந்துவிடலாம். இருப்பிடத்தைக் காட்டும் வசதியை எந்நேரமும் இயங்கவிட வேண்டுமா, தேவைப்படும்போது மட்டும் போதுமா என்று தேர்ந்தெடுக்க முடிகிறது என்றாலும், அந்தத் தகவலை நிறுவனத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்பது செயலியில் எங்கும் எழுதப்படவில்லை. நான் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உதவி எண்ணின் மதிப்பு எனக்கு மூன்றாம் பயணத்தில் விளங்கியது. தங்கும் விடுதியில் முதலில் 11ஆம் மாடியில் அறை கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டிகளின் ஏணி பல ஊர்களில் ஆறேழு மாடிகளுக்கு மேல் எட்டாது என்று ஆலோசகர் சொல்லியிருந்ததால் 4ஆம் மாடிக்கு மாற்றித் தரச் சொன்னேன். வரவேற்பாளர் புதிய அறை எண்ணைக் கூடத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இன்றாக இருந்தால், அந்த அறையையும் மாற்றி, எண்ணைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டிருப்பேன்.

அன்றிரவு 1.40க்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ் அறையில் தண்ணீர் கசிகிறது, குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றது ஓர் ஆண் குரல். கதவிலிருந்த பார்வைத்துளை வழியே பார்த்தேன். கையில் கருவிப்பெட்டி இருந்தது, ஆனால் விடுதியின் சீருடையும் பெயரட்டையும் இல்லை. நான் கதவுக்கடியில் ரப்பர் ஆப்பைச் செருகிவிட்டுத்தான் தூங்குவேன். அது இறுக்கமாக இருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அறைத் தொலைபேசியில் வரவேற்பை அழைத்தேன். தாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். உடனே உதவி எண்ணை அழைத்தேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தார். என் பெயரையோ ஊழியர் எண்ணையோ அவர் முதலில் கேட்கவில்லை. ‘கதவு பூட்டியிருக்கிறதா? கதவை விட்டு விலகி நில்லுங்கள், எனக்குக் கேட்டால் போதும், மெதுவாகப் பேசுங்கள்’ என்பவைதான் அவருடைய முதல் வார்த்தைகள். என்னை இணைப்பிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு இணைப்பில் விடுதியின் இரவு மேலாளரை எழுப்பி, காவலாளியுடன் மாடிக்கு அனுப்பினார். மேலாளர் கதவருகே வந்து தன் பெயரைச் சொன்ன பிறகும், அவர் குரலைத் தொலைபேசி வழியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் என்னைத் திறக்கச் சொன்னார். எல்லாம் சேர்ந்து 12 நிமிடங்கள். தட்டிய ஆள் அதற்குள் போய்விட்டிருந்தார், அவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அறை மாற்றப்பட்டது. காலை 7 மணிக்கு அதே பெண் மறுபடி அழைத்து, தூங்க முடிந்ததா என்று விசாரித்தார். அந்த விசாரிப்புக்காக நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

ஐந்தாம் பயணத்தில் இதே சேவை என்னைத் தவிக்கவிட்டது. வாடிக்கையாளரின் அலுவலகப் படிக்கட்டில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே எனக்குப் புரியும் மொழி பேசும் மருத்துவர் இருக்கிறாரா என்பதை உதவி எண்ணில் பேசியவர் கால் மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட்டார். ஆனால் மருத்துவமனை, செலவுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் உறுதி கிடைக்கும்வரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க மறுத்தது. அந்த உறுதிக் கடிதத்தைத் தர வேண்டியது காப்பீட்டு நிறுவனம். உதவிச் சேவை வேறு, காப்பீடு வேறு என்பதும், காப்பீட்டு அலுவலகம் தன் ஊரின் வேலை நேரத்தில்தான் இத்தகைய கடிதங்களுக்குக் கையொப்பமிடும் என்பதும் எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியவந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, கடைசியில் என் சொந்த அட்டையில் முன்பணம் கட்டினேன். வலியில் இருப்பவரிடம் இரண்டு நிறுவனங்களும் மாறி மாறி மற்றதன் எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்ததை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. இத்தகைய சேவையைப் பெற்றிருப்பவர்கள் புறப்படும் முன்பே, உறுதிக் கடிதத்தை யார் தருவார்கள், இரவில் தருவார்களா, எவ்வளவு தொகை வரை உடனடியாகத் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். பல காப்பீடுகளில் வேலை முடிந்தபின் சொந்த விருப்பத்தில் கூடுதலாகத் தங்கும் நாட்களும், வாடகை இருசக்கர வண்டி ஓட்டுவதும், ஏற்கெனவே இருக்கும் நோய்களும் விலக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தையும் அப்போதே படித்துவிடலாம்.

கடவுச்சீட்டு தொலைந்தால் இவர்கள் நன்றாகவே கைகொடுக்கிறார்கள். என்னோடு வந்த சக ஊழியர் தன்னுடையதைத் தொலைத்துவிட்டுப் புகார் கொடுத்தார், மறுநாள் அது பெட்டியின் உள்ளுறையிலேயே கிடைத்தது. அதிலேயே திரும்பிவிடலாம் என்று அவர் நினைத்தார். தொலைந்ததாகத் தெரிவிக்கப்பட்ட கடவுச்சீட்டு ரத்தாகிவிடும் என்பதையும், 2002இல் இன்டர்போல் தொடங்கிய தொலைந்த, களவுபோன பயண ஆவணங்களின் தரவுத்தளத்தில் அது சேர்ந்துவிட்டால் எந்த எல்லையிலும் நிறுத்தப்படலாம் என்பதையும் விளக்கி, அவரைத் தூதரகத்துக்கு அழைத்துச் சென்று அவசரப் பயண ஆவணம் பெற உதவினார்கள். இவர்கள் தரும் அட்டையின் பின்புறத்தில் இன்னொரு நல்ல வாக்கியமும் இருக்கிறது: வெளிநாட்டில் கைதாகும் எவருக்கும், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை, 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆவது பிரிவில் இருக்கிறது. அதிகாரிகளிடம் வாதாடாமல் அந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது அவர்களின் அறிவுரை.

தகவல் பாதுகாப்பைப் பற்றிய குறிப்பு மிக மெலிதாக இருக்கிறது. பொது வைஃபையில் எச்சரிக்கையாக இருங்கள் என்பதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. பயணத்துக்குத் தேவையான கோப்புகள் மட்டுமுள்ள தனி மடிக்கணினியைக் கொண்டுபோவது, எல்லைச் சோதனைக்கு முன் கருவிகளை முழுவதுமாக அணைத்துவிடுவது, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம் வெளிநாட்டில் இயங்குமா என்று முன்பே சோதித்துப் பார்ப்பது ஆகியவற்றை அவர்களே சொல்லியிருக்க வேண்டும். கைபேசி தொலைந்தால் செயலியும் உதவி எண்ணும் சேர்ந்தே தொலைகின்றன என்பதைக்கூட அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பயண ஆபத்துகளை நிறுவனங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஓ 31030 என்ற வழிகாட்டி 2021இல் வெளிவந்திருக்கிறது. அது கட்டாயச் சட்டம் இல்லை என்றாலும், ஊழியர்கள் தங்கள் நிறுவனத்திடம் கேள்வி கேட்பதற்கு அது நல்ல அடிப்படை. முன்உரையாடலுக்காகவும் இரவில் தொலைபேசியை எடுக்கும் மனிதர்களுக்காகவும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். செயலியை மட்டும் காட்டி விற்கப்படும் சேவையாக இருந்தால் வாங்க வேண்டாம் என்பேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன் எங்களிடம் கேட்கப்பட்ட கருத்துப் படிவத்தில், உரையாடலைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும், உறுதிக் கடிதம் இரவிலும் கிடைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் ஏழாவது பயணம் இருக்கிறது. உதவி எண், காப்பீட்டு எண், தூதரக எண் மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு சேர்த்து வைக்காமல் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளப்போகிறேன்.