ஏறிக் கடப்பதா, தூக்கி வழிவிடுவதா?

பாம்பன் கடலில் அருகருகே நிற்கும் சாலைப் பாலமும் ரயில் பாலமும், கப்பலுக்கு எப்படி வழிவிடுவது என்ற ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இரு வேறு விடைகள். 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட சாலைப் பாலம் நிலையானது. நடுவில் உயர்ந்து கப்பலுக்கு இடம்விட்டு, மறுகரையில் இறங்கிவிடுகிறது. அதை இயக்க ஆளும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

ரயிலுக்கும் அப்படியே கட்டியிருக்கலாமே என்றால், தடை சரிவில் இருக்கிறது. பேருந்து எளிதாக ஏறும் மேட்டில் ரயில் திணறும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் தண்டவாளத்தை 17 மீட்டர் உயர்த்த, ஏற்றத்துக்கு மட்டுமே 1,700 மீட்டரும் இறக்கத்துக்கு மேலும் அவ்வளவும் தேவைப்படும். பாலத்தின் மொத்த நீளமே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். ஆகவே ரயில் பாலம் தாழ்வாக ஓடி, கப்பல் வரும்போது வழிவிடுகிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் ஷெர்சர் எனப்படும் திறக்கும் பகுதியை ஊழியர்கள் கைகளால் இயக்க, அது இரு இறக்கைகளாகப் பிரிந்து மேலெழுந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலமோ 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே கிடையாக 17 மீட்டர் உயர்த்துகிறது. கோபுரங்களில் தொங்கும் எதிர் எடைகள் பாரத்தைச் சமன் செய்வதால் மோட்டாரின் வேலை எளிதாகிறது.

அசையும் உறுப்புகளுக்கு உப்புக் காற்று பகை. தூக்குப் பகுதியின் அரிப்பால்தான் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஆனாலும் 1964 புயலில் அடித்துச் செல்லப்பட்டவை பெரும்பாலும் அதன் நிலையான கண்களே (தூண்களுக்கு இடையிலான பகுதிகளே) என்பதையும் மறந்துவிடக் கூடாது. என் கணிப்பில், சரிவுக்கு இடம் இருக்கும் இடத்தில் நிலைப்பாலமே மேல். தூக்குப் பாலம் வேறு வழியில்லாதபோது நாடுவது.

தற்காலிகப் பாலத்தை இந்தத் தராசில் வைக்க முடியாது, ஏனெனில் அங்கே அளவுகோல் உயரமன்று, நேரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பொறியாளர் டொனால்ட் பெய்லி வடிவமைத்த முறையில், ஏறத்தாழ 260 கிலோ எடையுள்ள ஓர் எஃகுப் பலகத்தை ஆறு பேர் தூக்கிவந்து ஊசியிட்டு இணைத்துவிடலாம். வயநாட்டுச் சூரல்மலையில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு நேர்ந்தது. ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் பிரிவு ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடிப் பெய்லி பாலத்தை முடித்தது. அதன் தாங்குதிறன் 24 டன்தான். ஆனால் நிரந்தரப் பாலம் எழுந்ததும் ஊசிகளைக் கழற்றி, அதே பலகங்களை லாரியில் ஏற்றி வேறோர் ஆற்றுக்குக் கொண்டுபோகலாம். பாம்பனின் எந்தப் பாலத்துக்கும் அது வாய்க்காது.