முத்தியால்பேட்டையில் ஷவர் சரியான கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் சென்ற ஆண்டு அண்ணன் பழைய குழாய்களைக் கழற்றிவிட்டுப் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் புதிய மிக்ஸர் குழாய் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். பார்க்க அழகான பொருள்தான். ஆனால் அதன் கீழே நிற்பவர், முதலில் பச்சைத் தண்ணீரில் நடுங்கி, பிறகு சற்றே இதம் கண்டு, தலையில் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடிய நேரத்தில் கொதிநீர் பட்டு அலறிக்கொண்டு ஒதுங்க வேண்டியிருந்தது. கீழ்வீட்டில் யாரேனும் குழாயைத் திறந்தால் மேலே கொதிக்கும், அவர்கள் மூடினால் மறுபடி குளிரும். பல மாதங்களாக இப்படித்தான் என்று அண்ணி சாதாரணமாகச் சொன்னார். அம்மா அந்த ஷவரைத் தொடுவதே இல்லை. பக்கெட்டில் வெந்நீரைப் பிடித்து விளாவி, கையை விட்டுப் பார்த்து, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி.

நான் இப்போது குடியிருக்கும் பாரிஸ் புறநகரில் விளாவும் வேலையை மிக்ஸருக்குள்ளிருக்கும் தெர்மோஸ்டாட்டே பார்த்துக்கொள்கிறது. 38 டிகிரியில் திருகு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்தித் திருப்ப வேண்டும். குளியலறைக் குழாயில் 50 டிகிரிக்கு மேல் வெந்நீர் வரக்கூடாது என்று அங்கே 2005-இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். அதற்குப் பழகிய உடம்புக்கு எங்கள் வீட்டு ஷவர் தினமும் ஒரு சோதனையாக இருந்தது.

கீசர் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தோம். பதிவு செய்த குரல்கள் பலவற்றைத் தாண்டிய பின், பை தூக்கிய மரியாதையான இளைஞர் ஒருவர் வந்தார். ஷவரின் பக்கம் திரும்பியும் பாராமல் கீசரைக் கழற்றி, “உப்புத் தண்ணீர் சார், காயில் போய்விட்டது” என்றார். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளைத்தான் காயில் என்கிறார்கள். கடலோர ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது உண்மைதான். அந்தக் காயிலிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆனால் 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம் பிடிக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எங்கள் கீசரின் விளக்கும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் அணைந்துகொண்டிருந்தது; காயில் கெட்டிருந்தால் அது எப்படி நடக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, ரசீதை நீட்டிவிட்டு, வேலை திருப்தியாக முடிந்தது என்பதற்கு அடையாளமாக அண்ணனின் கைப்பேசிக்கு வந்திருக்கும் ‘ஹேப்பி கோட்’ எண்ணைக் கேட்டார். ஷவரைத் திறந்து பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றோம். அது கம்பெனி வேலையில் சேராது, எண் கிடைக்காவிட்டால் தனக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து அண்ணன் எண்ணைச் சொல்லிவிட்டார். அவர் படியிறங்குவதற்குள், ‘தங்கள் குறை மகிழ்ச்சியுடன் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. அன்று மாலையும் ஷவர் கொதித்தது.

அடுத்து வந்தவர் பிரஷர் பம்ப் விற்கவே வந்தார். அவரைப் பற்றி எழுத ஏதுமில்லை.

கடைசியில் அம்மா தனக்குத் தெரிந்த பிளம்பரைச் சாரம் பகுதியிலிருந்து வரவழைத்தார். வயதானவர், கையில் ஒரு பைப் ரெஞ்சும் சணலும் மட்டுமே இருந்தன. கீசரை அவர் தொடவில்லை. முதலில் மிக்ஸரின் கீழே பக்கெட்டை வைத்து, சூட்டுப் பக்கத்தை மட்டும் திறந்தார், நூலாக ஒழுகியது. அதை மூடிவிட்டுப் பச்சைத் தண்ணீரைத் திறந்தார், கொட்டியது. “சூடெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, ரெண்டு தண்ணியும் ஒரே பலத்துல வரல” என்றார். அவ்வளவு நாள் யாரும் பார்க்காததை ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்.

அண்ணன் மிக்ஸர் மாற்றியபோது பச்சைத் தண்ணீருக்குப் புதிய சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் லைன் இழுத்து, கீசருக்குப் போகும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுவருக்குள் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் உட்புறம் துருவும் உப்பும் ஏறிக் குறுகிவிட்டது. தொட்டியோ ஷவருக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. அது தரும் அழுத்தம் 0.3 பார், பாரிஸில் என் வீட்டுக் குழாய்க்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான அழுத்தத்தில் சிறு அடைப்பும் பெரிதாகிவிடும். மிக்ஸருக்குள் பச்சைத் தண்ணீர் முந்திக்கொண்டு வெந்நீரைத் தடுத்து நிற்கிறது. அதே புதிய லைனில் கீழ்வீட்டார் குழாயைத் திறந்ததும் அதன் பலம் குறைய, வெந்நீர் தனியாகத் தலையில் இறங்குகிறது.

பிளம்பர் கீசரின் அடியிலிருந்த சேஃப்டி வால்வைக் கழற்றித் தட்டினார். துருச் செதில்கள் கொட்டின. உப்படைத்த துளைகள் திறக்க, ஷவர் தலையை இரவெல்லாம் வினிகரில் ஊறப்போடச் சொன்னார். பச்சைத் தண்ணீர்க் குழாயின் அடைப்புத் திருகைப் பாதிக்கு மேல் மூடி, இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்வரை கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு கீசரின் திருகை உச்சத்திலிருந்து ஏறத்தாழ 50 டிகிரிக்கு இறக்கினார். சூடு குறைந்தால் வெந்நீரைக் கூடுதலாகக் கலக்க வேண்டிவரும், அப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக ஓடும், கீழே யாராவது குழாயைத் திறந்தாலும் தோல் வேகாது என்பது அவர் கணக்கு. பிரெஞ்சு அரசாணையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. கூலியாக 300 ரூபாய் கேட்டார். பாரிஸில் அந்தப் பணத்துக்குப் பிளம்பர் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார்.

இப்போது கண்ணை மூடிக் குளிக்க முடிகிறது. ஆனால் இது தற்காலிக ஏற்பாடு என்றும், ஜிஐ குழாயை மாற்றிக் கீழ்வீட்டு லைனைத் தொட்டியிலிருந்தே பிரித்தால்தான் முழுதாகத் தீரும் என்றும் அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். அந்த டைல்ஸ் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்பதால் அண்ணி சம்மதிக்கவில்லை. பொங்கல் கழியட்டும் என்கிறார் அண்ணன்.