பின்னைக் கழற்றி ஸ்லீவ் போடுவதா, எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டுவதா?

கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒயர்களுக்கு ஸ்லீவ், அதாவது ஒயர் மேல் மாட்டும் பின்னல் உறை, போடுவது சுலபம்தான். அதற்காகக் கனெக்டரிலிருந்து பின்னை, அதாவது ஒயர் முனையிலுள்ள உலோகத் துண்டை, வெளியே எடுப்பதில்தான் பொறுமை போய்விடும். 24 பின் மதர்போர்டு கனெக்டரில் ஒவ்வொரு பின்னின் இருபுறமும் சின்ன உலோக நாக்கு ஒன்று விரிந்து, உள்ளே கவ்விக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பின் நகரும்.

வராத பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க நாக்குகள் இன்னும் இறுகும். முதலில் ஒயரைக் கனெக்டருக்குள் தள்ளுங்கள், அப்புறம் பின் கழற்றும் கருவியை முன்பக்கமாக நுழைத்து நாக்குகளை அமுக்குங்கள், பிறகு மெதுவாக இழுங்கள். கருவி இல்லையென்றால் தடித்த ஸ்டேப்ளர் பின் இரண்டு போதும். திரும்பச் செருகும்முன் நாக்குகளை விரித்துவிட மறந்தால், மதர்போர்டில் மாட்டும்போது பின் பின்னால் நழுவிவிடும். சில இடங்களில் ஒரே பின்னில் இரண்டு ஒயர்கள் இருக்கும். அங்கே ஸ்லீவ் போடுவது தலைவலி. கழற்றும்முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாறிச் செருகினால் போர்டு போய்விடும்.

பவர் சப்ளை கேபிளுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷனில் இந்த வம்பே இல்லை. ஏற்கெனவே ஸ்லீவ் போட்டது, மாட்டினால் முடிந்தது. ஆனால் கூடுதல் நீளத்தைக் கேபினெட்டுக்குள் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும், கூடுதலாக ஓர் இணைப்பும் சேர்கிறது. கழற்றுவதிலும் ஒன்று: ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டிக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரில் பெரும்பாலும் கழற்றக்கூடிய பின் கிடையாது. கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பல்லே ஒயரைக் கடித்துப் பிடித்திருக்கும்.

என்னைக் கேட்டால், 24 பின்னுக்கு எக்ஸ்டென்ஷன். கழற்றித்தான் பார்ப்பேன் என்பவர்கள், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒயர்கள் குறைவான 8 பின் கேபிளில் தொடங்கலாம்.